முடக்குவாதம்... மூட்டோடு நிற்பதில்லை! கண், நுரையீரல், இதயத்திலும் கவனம் தேவை

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. காபி டம்ளரைப் பிடிப்பதே சிரமம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கை சொன்னபடி கேட்கும். 'வயசானா வர்ற மூட்டுவலிதானே' என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்ப்பவர்கள் பலர். ஆனால், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதம், முதுமையில் வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல. 30 வயதிலும் வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகமாக வருகிறது.

கிருமிகளோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், சொந்த உடலையே தாக்குவதுதான் இந்த நோய். பெரும்பாலும் முதல் அடி மூட்டுகளின் உட்சவ்வில் விழுகிறது. ஆனால், அழற்சி அங்கேயே நின்றுவிடுவதில்லை.

எங்கெல்லாம் பாதிப்பு?

ரத்தம்: நீண்டநாள் அழற்சியால் ரத்தச்சோகை வரலாம். தூங்கி எழுந்தாலும் அசதி தீராது.

கண்: வறட்சி, மணல் விழுந்ததுபோல உறுத்தல். கண் சிவந்து கடுமையாக வலித்தால், அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்வைக்கே ஆபத்தாகலாம்.

நுரையீரல்: திசுக்களில் தழும்பு விழுந்து, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், வறட்டு இருமல் தொடரும். புகைப்பழக்கம் இதை மோசமாக்கும்.

இதயம்: மாரடைப்பு போன்ற இதய நோய்களுக்கான ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

தோல், நரம்பு, எலும்பு: முழங்கையில் கட்டிகள் தோன்றலாம். மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகலாம். நோயாலும், நீண்டநாள் ஸ்டீராய்டாலும் எலும்பு வலுவிழக்கும்.

மாத்திரையில் கவனம்!

வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், நோயைத் தடுக்காது. நோயைக் கட்டுப்படுத்த முதலில் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டியது. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை அட்டையிலேயே எழுதிவைப்பது நல்லது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்தைக் கர்ப்ப காலத்தில் எடுக்கக் கூடாது.

மருத்துவரிடம் என்ன சொல்லலாம்?

மூட்டு வீக்கமும் காலை நேர இறுக்கமும் சில வாரங்கள் நீடித்தாலே ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள், மூட்டு வலியோடு இருமல், கண் உறுத்தல், அசதியையும் சேர்த்தே சொல்லுங்கள். 'அது வேற, இது வேற' என்று நீங்களாகப் பிரித்துவிடாதீர்கள். எல்லாம் ஒரே நோயின் வேலையாக இருக்கலாம்!