லைன் இருந்தும் பெயர் தெரியாத சர்வர்



பில் போடவும், ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்பவும், இ-வே பில் எடுக்கவும் கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. கடை, குடோன் இரண்டையும் இணைக்க நம்மில் பலர் சொந்த சர்வரும் வைத்திருக்கிறோம். அதில் எங்கள் மண்டியில் பட்ட பாட்டை மற்றவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறோம்.

ஒருநாள் மாலை, கேரளாவுக்கு மிளகாய் வற்றல் ஏற்றிய லாரி வாசலில் நின்றது. வெளிமாநிலம் போகும் அந்தச் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டியதால் இ-வே பில் கட்டாயம். கடைக்குள் பில் ஓடியது, குடோன் இருப்பும் தெரிந்தது. ஆனால் அரசுத் தளம் மட்டும் திறக்கவில்லை. லைன் போய்விட்டது என்று இன்டர்நெட் கம்பெனியாரோடு சண்டை போட்டதில் இரண்டு மணி நேரம் வீணானது. கடைசியில் செல்போன் இணைப்பில் பில் எடுத்து லாரியை அனுப்பினோம்.

குற்றம் லைனில் இல்லை, டி.என்.எஸ்.ஸில் இருந்தது. நெட்டில் எல்லாம் எண்களால் நடக்கிறது. பெயரைச் சொன்னால் எண்ணைத் தருவது டி.என்.எஸ். இதை 1983-ல் வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். நம் சர்வர் கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி. உள்ளூர்ப் பெயர்களுக்குத் தானே பதில் சொல்லும். வெளியூர்ப் பெயர் என்றால் தரகரிடம் கேட்டுச் சொல்லும். அந்தத் தரகருக்கு ஃபார்வர்டர் என்று பெயர்.

அன்று மதியம்தான் இன்டர்நெட் கம்பெனியை மாற்றியிருந்தோம். சர்வரிலோ பழைய கம்பெனியின் ஃபார்வர்டர் எண்ணே இருந்தது. வாடிக்கையாளர் அல்லாதவருக்கு அது பதில் தரவில்லை. முன்பு கேட்டு நினைவில் வைத்திருந்த சில பெயர்களை மட்டும் சர்வர் சொன்னதால், எங்களுக்குக் குழப்பம் அதிகமானது.

இப்படி நேர்ந்தால் வரிசையாகப் பாருங்கள்:

1. 8.8.8.8 என்ற கூகுளின் பொது எண்ணுக்குப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் லைன் சரி.

2. என்.எஸ்.லுக்கப் கட்டளையில் வெளிப்பெயர் ஒன்றை முதலில் நம் சர்வரிடமும், பிறகு நேரே 8.8.8.8-இடமும் கேளுங்கள். இரண்டாவது மட்டும் பதில் தந்தால் கோளாறு நம் சர்வரிலோ ஃபார்வர்டரிலோதான்.

3. சர்வரில் எழுதியுள்ள ஃபார்வர்டர் எண்களைப் பாருங்கள். கடைக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று என இரு சர்வர் இருந்தால், ஒன்றை மற்றொன்று கேட்டுச் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

4. ஃபயர்வாலில் 53-ஆம் வாசல் யு.டி.பி., டி.சி.பி. இரண்டுக்கும் திறந்திருக்க வேண்டும்.

5. சர்வரின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். கையொப்பம் சரிபார்க்கும் டி.என்.எஸ்.செக் போட்டிருந்தால், கடிகாரம் தவறினாலும் பதில் தள்ளுபடியாகும்.

6. திருத்தியபின் சர்வரின் பழைய நினைவை அழித்துவிடுங்கள்.

அவசரத்துக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 8.8.8.8 எண்ணைப் போட்டுவிடுவார் சிலர். அதற்கு நம் குடோன் பெயர் தெரியாது. பிறகு உள்ளே பில் நின்றுவிடும். சர்வரில் இரு வேறு நிறுவனங்களின் ஃபார்வர்டர்களைப் போடுவதே நல்லது.

ஒரே தரகரை நம்பி நாம் சரக்கு வாங்குவதில்லை. சர்வருக்கும் அந்த விதியே பொருந்தும். லைன் மாற்றும் அன்றே ஃபார்வர்டர் எண்ணையும் மாற்றி, பேரேட்டில் குறித்து வையுங்கள்.