டெஸ்ட் எடுத்தா மட்டும் போதுமா? ரிசல்ட் வாங்க திரும்பி வராத டீன்-ஏஜ் பிள்ளைகள்

அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள சுகவாழ்வு மையம், நம்பிக்கை மையங்களில் பால்வினை நோய், எச்.ஐ.வி. பரிசோதனைகள் இலவசமாக செய்யப்படுகின்றன. ஆனால் இங்கு வரும் இளவயதினரில் சிலர் ரத்தம் கொடுத்து விட்டு போனதோடு சரி, முடிவு வாங்க எட்டிக்கூட பார்ப்பதில்லை. இதனால் நோய் இருந்தும் சிகிச்சை கிடைக்காமல் போய் விடுகிறது.

இவர்கள் வராததற்கு முதல் காரணம் பயம். ‘வீட்டுக்கு தெரிஞ்சா என்ன ஆகும்?' என்ற கவலை. அட்டையில் எழுதிய நம்பர் பெரும்பாலும் அப்பா, அம்மாவின் செல்போன் நம்பராக இருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு போன் போனால் விஷயம் வெளியே வந்து விடும்.

புண் ஆறினாலும் நோய் போகாது

இன்னொரு காரணம், புண் தானாக ஆறி விடுவது. சிபிலிஸ் நோயில் முதலில் வரும் புண்ணில் வலி இருக்காது. மருந்து இல்லாமலே சில வாரங்களில் மறைந்து விடும். ‘சரியாப் போச்சு' என்று இருந்து விடுவார்கள். ஆனால் கிருமி உடம்பில்தான் இருக்கும். பல வருடம் கழித்து இதயம், மூளையை தாக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தைக்கும் பரவும். ஆரம்ப கட்டத்தில் பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரு தடவை போட்டாலே குணமாகும்.

கொனோரியா, கிளமிடியா நோய்கள் பெண்களுக்கு அறிகுறியே காட்டாமல் இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் பாதித்து குழந்தை பிறப்பதே சிக்கலாகும்.

என்ன செய்யலாம்?

* ரத்தம் எடுக்கும் முன்பே ‘எந்த நம்பரில், எத்தனை மணிக்கு பேசலாம்?' என்று பிள்ளையிடமே கேட்க வேண்டும்.

* போனிலும், எஸ்.எம்.எஸ்.சிலும் நோயின் பெயர் வரக்கூடாது. ‘நாளை வரவும்' என்றாலே போதும்.

* எச்.ஐ.வி. விரைவு பரிசோதனை முடிவை அன்றே சொல்லி அனுப்பலாம். மற்றதற்கு அடுத்த தேதியை கையில் எழுதி கொடுக்க வேண்டும். பள்ளி, கல்லூரி விடும் நேரமாக இருந்தால் நல்லது.

* வராண்டாவில் பெயர் சொல்லி கூப்பிடாமல் டோக்கன் நம்பர் சொல்லலாம். முதல் நாள் பேசிய ஆலோசகரே மறுபடியும் பேசினால் கூச்சம் குறையும்.

18 வயதுக்கு கீழ் உள்ளவருக்கு பாலியல் தொடர்பு நடந்தது தெரிய வந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்கு தகவல் தர வேண்டும். இதை பேச்சின் தொடக்கத்திலேயே பக்குவமாக சொல்லி விட வேண்டும். பிறகு தெரிந்தால் அந்த பிள்ளை மறுபடியும் படி ஏறாது. அதே சட்டம் பிள்ளையின் அடையாளத்தை வெளியிட தடை விதிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

3 மாதம் கழித்து மறுபடியும்

மருந்து சாப்பிட்ட ஒரு வாரத்தில் டாக்டரை மறுபடி பார்க்க வேண்டும். துணைக்கும் சிகிச்சை அவசியம். இல்லாவிட்டால் நோய் திரும்ப ஒட்டிக்கொள்ளும். சிகிச்சை முடிந்து 7 நாள் வரை இருவரும் உறவை தவிர்க்க வேண்டும். கொனோரியா, கிளமிடியா வந்தவர்கள் 3 மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுப்பது நல்லது.

சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.