இரட்டை இழை – 14: யார் கை முழம்?

போன வாரம் 1பிஎன்ஏ கோப்பை இறக்கி வைத்தோம், நினைவிருக்கும்: டிக்கர்சன் குழு படிகமாக்கிய 12 படி டி.என்.ஏ. இந்த வாரம் அதை அளக்கும் மென்பொருளை நிறுவிவிட்டு, ஆர்.என்.ஏ. மடிப்புகள் வரை போய்விடலாம் என்றிருந்தேன். செவ்வாய் இரவு வந்த ஒரு போன் என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

பேசியவர் ஒரு முனைவர் பட்ட மாணவி. "சார், 3டிஎன்ஏ போட்டுட்டேன். ஆனா ஓட மாட்டேங்குது."

3டிஎன்ஏ என்பது அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சியாங்-ஜுன் லூவும் வில்மா ஓல்சனும் உருவாக்கி, 2003-இல் வெளியிட்ட நிரல் தொகுப்பு. அந்தப் பெண் பெயரைப் பதிவு செய்து, சுருக்கிய கோப்பை இறக்கி, விரித்து வைத்திருந்தார். நிரல்கள் கிடக்கும் 'பின்' கோப்புறையின் பாதையையும் டெர்மினலுக்குச் சொல்லியிருந்தார். ஆனாலும் 'ஃபைண்ட்_பேர்' என்று தட்டினால், சூழல் மாறி அமைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது.

"பாதை குடுத்தேனே சார், இன்னும் என்ன கேக்குது?"

"அது இன்னொரு பாதைம்மா. எக்ஸ்3டிஎன்ஏன்னு ஒரு மாறி வேணும். தொகுப்பை எங்க விரிச்சு வச்சிருக்கீங்களோ அந்த இடத்தை அதுல எழுதணும்."

'பாஷ்ஆர்சி' கோப்பில் ஒரு வரி சேர்த்தார். அப்போதும் ஓடவில்லை. பழைய ஜன்னலிலேயே தட்டிக்கொண்டிருந்தார்; திறந்து கிடக்கும் டெர்மினல், மாற்றிய கோப்பைத் தானாகத் திரும்பப் படிக்காது. மூடிவிட்டுப் புதிதாகத் திறந்ததும் ஓடிவிட்டது. 12 இணைகளும் வரிசையாக வந்து நின்றன.

நிரலின் பாதையைச் சொன்ன பிறகும் அது ஏன் இன்னொரு இடத்தைக் கேட்கிறது? அங்கே 'கான்ஃபிக்' என்றொரு கோப்புறை இருக்கிறது. அதற்குள் 'அட்டாமிக்_ஏ' என்ற சிறு கோப்பு. போனை வைத்ததும் அதைத் திறந்து பார்த்தேன். அடினின் காரத்தின் அணுக்கள், வரிக்கு ஒன்றாக. முதல் வரியில் சர்க்கரையின் கார்பன்: -2.479, 5.346, 0.000. அடுத்து நைட்ரஜன்: -1.291, 4.498, 0.000. ஒவ்வொரு வரியிலும் மூன்றாவது எண் 0.000 தான். காரம் தட்டையாக, ஒரே தளத்தில் கிடத்தப்பட்டிருக்கிறது. இந்த வாரம் முழுக்க என் மனம் அந்தச் சுழியங்களிலேயே நிற்கிறது. ஏனென்றால், இந்தக் கோப்புதான் அளவுகோல்.

பூக்கடையில் மல்லிகை வாங்கியவர்களுக்கு முழக்கணக்கு தெரியும். கை நீளமான அம்மா அளந்தால் ஒரு முழம், குட்டைக் கை அளந்தால் வேறு முழம். பூ அதே பூதான். 1990-களில் டி.என்.ஏ.வை அளந்தவர்களின் நிலை இதுதான். அடுத்தடுத்த படிகள் எவ்வளவு முறுக்கிக்கொள்கின்றன, எவ்வளவு வழுக்குகின்றன, எவ்வளவு உருள்கின்றன என்பதற்கெல்லாம் பெயர்களை 1988-இல் கேம்பிரிட்ஜில் கூடி முடிவு செய்திருந்தார்கள். பெயர் ஒன்றானது, எண் ஒன்றாகவில்லை. ஒரே மூலக்கூறை வெவ்வேறு நிரல்களில் கொடுத்தால் வெவ்வேறு விடை வந்தது. கோணல்மாணலாக வளைந்த டி.என்.ஏ. என்றால் வேறுபாடு இன்னும் கூடியது.

லூவும் ஓல்சனும் ஏழு நிரல்களை எடுத்துப் பிரித்துப் பார்த்து 1999-இல் எழுதினார்கள். கோளாறு கணக்கில் அவ்வளவாக இல்லை. ஒவ்வொரு நிரலும் காரத்தின் மேல் அச்சுகளை எங்கே நட்டு வைக்கிறது என்பதில்தான் இருந்தது. ஒரே அச்சை எல்லாவற்றுக்கும் கொடுத்தால் எண்கள் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

அந்த ஏழில் ஒன்றான 'நூபார்ம்' நம் பக்கத்துச் சரக்கு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மஞ்சு பன்சால் குழுவினர் எழுதியது. பன்சால், ஜி.என். ராமச்சந்திரனிடம் ஆய்வு செய்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜனின் மூவிழை அமைப்பைக் கண்டு சொன்ன அதே ராமச்சந்திரன். இந்தப் பரம்பரையைப் பற்றித் தனியே ஓர் அத்தியாயம் எழுதியே ஆக வேண்டும்.

அதே 1999-இன் ஜனவரியில் ஜப்பானின் சுகுபா நகரில் கூடி, பொது அச்சுக்கு வழி செய்தார்கள். எக்ஸ் அச்சு பெரும்பள்ளத்தை நோக்கும். ஒய் அச்சு இணையின் நீளவாட்டில் ஓடும். 2001-இல் அது அச்சேறியது. அந்த உடன்பாடுதான் 'அட்டாமிக்_ஏ' கோப்பில் எண்களாக உட்கார்ந்திருக்கிறது. நிரல், நாம் கொடுக்கும் ஒவ்வொரு காரத்தின் மேலும் இந்த மாதிரிக் காரத்தைப் பொருத்திவைத்து, அச்சைக் கண்டுபிடித்து, பிறகே அளக்கிறது. கோல் இருக்கும் இடம் தெரியாமல் அளக்க முடியாதென்று அது நின்றது சரியான செயல். தன் கைக்கு வந்த முழத்தைப் போட்டு ஓர் எண்ணைக் கொடுத்திருந்தால், அதுதான் ஆபத்து.

லூ பின்னர் எழுதிய டி.எஸ்.எஸ்.ஆர். ஒற்றைக் கோப்பாகவே வருகிறது. அதற்கு மாறி எதுவும் அமைக்க வேண்டாம். ஆர்.என்.ஏ. மடிப்புகளோடு சேர்த்து அதை அடுத்த வாரம் பார்ப்போம். 1பிஎன்ஏ கோப்பை அழித்துவிடாதீர்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முறுக்கு 36 பாகை என்று எழுதும் இடத்தில், எந்த நிரல், எந்தப் பதிப்பு என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.