பலகையும் பாதையும்

மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி ஸ்கேட்போர்டு பழகுவதைச் சித்திரித்த 'கமலி' என்னும் குறும்படம் 2020-ஆம் ஆண்டில் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டதும், மறு ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டுக்கு முதன்முதலாக ஸ்தானம் கிடைத்ததும், கடலோரத்துக்கு வெகுதூரத்திலுள்ள திருவையாறு போன்ற ஊர்ப் பிள்ளைகளின் நெஞ்சிலும் ஆசையை விதைக்கக்கூடியவை. அந்த ஆசை மிகவும் நல்லது. ஆனால் பலகை வாங்கப் போகும் பெற்றோர், அதன் அடியில் தீட்டிய வர்ண சித்திரத்தைப் பார்த்து மயங்காமல், அது ஓடப்போகும் தரையின் ஸ்வபாவத்தை முதலில் ஆலோசிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஏழு மெல்லிய மேப்பிள் தகடுகளை ஒட்டி அழுத்திச் செய்யும் சாதாரணப் பலகை ஏறக்குறைய 32 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உடையது. அதன் நடுப்பகுதி சற்றே குழிந்திருப்பதால், குனிந்து பாராமலே பாதம் விளிம்பை உணர்ந்துகொள்கிறது. வால்முனை மேல்நோக்கி வளைந்திருப்பதால், அதைக் காலால் ஓங்கித் தட்டியதும் முன்பாகம் எழும்புகிறது. அகலம் கூடினால் நிற்பதற்கு ஸ்திரம். குறைந்தால் பலகையைக் காலடியில் சுழற்றுவது சுலபம். முன் பின் அச்சுகளுக்கிடையேயுள்ள தூரம் நீண்டால் ஓட்டம் நேராகவும் அமைதியாகவும் இருக்கும். குறுகினால் சிறு வட்டத்திலும் திரும்பலாம்.

இவ்வளவும் உண்மையாயினும், இவ்விளையாட்டின் கதியையே மாற்றியது மரமன்று, சக்கரம். முன்னாளில் இரும்பிலும் களிமண் கலவையிலும் செய்த சக்கரங்கள் ஒரு சிறு கல்லில் முட்டினாலும் நின்று, மேலே இருப்பவனைத் தூக்கி எறிந்துவிடும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கரான பிராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் என்னும் நெகிழ்வான செயற்கைப் பொருளாலான சக்கரங்களைக் கொண்டுவந்த பிறகே கரடுமுரடான தெருவும் ஓடுதளமாயிற்று.

திருவையாற்றுக்கு இதுவே பிரதானமான பாடம். காவிரிப் படுகை சமதளம். சரிவில் தானாக உருண்டு இறங்கும் சுகம் இங்கே இல்லை, ஒவ்வொரு கஜத்தையும் காலால் உந்தித்தான் கடக்க வேண்டும். ஜல்லி தலைகாட்டும் தார்ச் சாலைக்கு 60 மில்லிமீட்டர் விட்டமும், சக்கரத்தின் கடினத்தைக் குறிக்கும் அளவில் 78ஏ என்னும் மென்மையும் உள்ள சக்கரமே அனுகூலம். சம்பா அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல்லும் வைக்கோலும் காயும் இடத்தில் மட்டும் எந்தச் சக்கரமும் உதவாது. பலகையைக் கையிலெடுத்து நடப்பதே உழவருக்குச் செய்யும் மரியாதை.

பெரிய சக்கரம் திருப்பத்தில் பலகையின் அடியில் உரசித் திடீரென்று நின்றுவிடும் அபாயம் உண்டு. ஆதலால் பலகைக்கும் அச்சுத் தாங்கிக்கும் இடையே ரப்பர் அட்டை வைத்து, அதற்கேற்ற நீளமான போல்ட்டுகளைப் பூட்ட வேண்டும். அச்சின் நீளம் பலகையின் அகலத்தோடு ஒத்திருக்கட்டும். அச்சுத் தாங்கியிலுள்ள ரப்பர் வளையங்களை மிகவும் தளர்த்தினால் வேகத்தில் பலகை நடுங்கும். மிகவும் இறுக்கினால் திரும்ப மறுக்கும். ஐப்பசி மழையில் நனைந்த பலகை ஈரம் குடித்து உப்பும், பேரிங்குகள் துருப்பிடிக்கும். ஆகவே மழை நாட்களில் அதை வெளியே எடுக்காதிருப்பது உத்தமம்.

நம் ஊர்களில் வழவழப்பான சிமெண்டுத் தளம் ஒன்று குழந்தைகளுக்கென்று ஏற்பட வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன். அது வாய்க்கும் நாளில் வேறு பலகை தேட வேண்டியதில்லை; ரப்பர் அட்டையைக் கழற்றிவிட்டு, 52 மில்லிமீட்டரில் 99ஏ கடினமுள்ள சக்கரங்களை மாட்டினால் போதும்.