தானே இரை வைத்துக்கொள்ளும் பொறி

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குள் இருக்கும் லா பிரேயா தார்க் குழிகளில், நிலத்தடியிலிருந்து கசிந்து மேலேறும் கச்சா எண்ணெயின் இலகுவான கூறுகள் ஆவியாகிவிட, எஞ்சும் பிசுபிசுப்பான நிலக்கீல் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேங்கி வருகிறது. ஆழத்தில் அமிழ்ந்துதான் விலங்குகள் மாண்டிருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் வெயிற்காலத்தில் இளகி, சருகாலும் புழுதியாலும் மூடப்பட்டுத் தரைபோலவே தெரியும் சில அங்குல நிலக்கீலே ஒரு காட்டெருமையின் கால்களை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளப் போதுமானது. எந்தக் காட்டிலும் இரைவிலங்குகளே மிகுதி, வேட்டை விலங்குகள் சொற்பம் என்றிருக்க, இங்கே கிடைத்த பாலூட்டிகளின் புதைபடிவங்களில் பெரும்பகுதி ஊனுண்ணிகளுடையவை. பனியுகத்தோடு அற்றுப்போன பேரோநாய் இனத்தில் மட்டும் 4,000க்கும் மேற்பட்டவை அடையாளம் காணப்பட்டுள்ளன. சிக்கிய ஒரு விலங்கின் கதறலும் நாற்றமும் ஓர் ஊனுண்ணிக் கூட்டத்தையே அழைக்க, அவையும் சிக்கின என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இந்தப் பொறிமுறையை மனிதன் தன்னையறியாமலே கடலில் மீண்டும் உண்டாக்கியிருக்கிறான். கைவிட்டுப்போன பின்னும் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும் வலையைப் பேய் வலை என்கிறார்கள். அதில் மாட்டிய மீனைத் தின்ன நண்டும் பெரிய மீனும் வருகின்றன, அவையும் மாட்டுகின்றன, அழுகும் உடல்கள் அடுத்தவற்றுக்கு இரையாகின்றன. பருத்தி நூல் வலைகள் இருந்த காலத்தில் தொலைந்த வலை சில மாதங்களில் இற்றுப்போனது. நைலான் வலையோ, தண்ணீரில் கண்ணுக்கே புலப்படாத ஒற்றை இழைத் தங்கூசி வலையோ பல ஆண்டுகள் கடலிலேயே கிடக்கும்.

இந்தியப் பெருங்கடலின் கடலாமைகளுள் இதனால் மிகுதியாகத் துன்புறுவது, தமிழகக் கடற்கரையில் தை, மாசி, பங்குனி மாதங்களில் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமையே (ஆலிவ் ரிட்லி) ஆகும். ஆழ்கடலில் மிதக்கும் மரக்கட்டையையும் பாசித் திரளையும் அடுத்து நண்டும் சிறுமீனும் கூடும் என்பதால் அவற்றைத் தேடிச் செல்வது இவ்வாமைக்குத் தொன்றுதொட்டு வந்த இயல்பு. மிதக்கும் பேய் வலையையும் அப்படியே நாடிச் செல்வதால், அந்த நல்ல இயல்பே இன்று அதற்கு எமனாகிறது. துடுப்புக் காலில் சுற்றிய நூல், ஆமை திமிறத் திமிற இறுகித் தோலையும் தசையையும் அறுத்து எலும்பைத் தொடும். குருதியோட்டம் நின்ற கால் அழுகிவிடும். நுரையீரலால் சுவாசிக்கும் உயிர் என்பதால், நீர்மட்டத்துக்கு வர முடியாதபடி வலை அழுத்தினால் கடலாமையும் மூழ்கித்தான் சாகும். தூண்டில் முறையே பெருவழக்காக உள்ள மாலத்தீவில் கரைசேரும் வலைகளில் பெரும்பாலானவை அந்நாட்டினர் வீசியவை அல்ல, பருவக்காற்று நீரோட்டங்கள் கொண்டுவந்து சேர்த்தவை. 2013இல் அங்கே தொடங்கப்பட்ட ஆலிவ் ரிட்லி புராஜெக்ட் என்னும் அமைப்பு, இப்படிச் சிக்கிய ஆமைகளை மீட்டுச் சிகிச்சை அளித்துவருகிறது.

பழியை மீனவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. நைந்த வலையைக் கடலில் வீசிவிடுவோர் உண்டு என்றாலும், கடலடிப் பாரில் (பாறைத் திட்டில்) மாட்டிக் கிழிந்தும், புயலில் அடித்துச் செல்லப்பட்டும், இரவில் குறுக்கே ஓடும் விசைப்படகால் அறுபட்டும் போகும் வலைகள் பல. அப்படிப் போகும் ஒவ்வொரு வலையும் ஒரு நாட்டுப்படகுக் குடும்பத்துக்குப் பேரிழப்பு. வலைகளுக்கு உரியவர் அடையாளம் இட வேண்டும், தொலைந்தால் தெரிவிக்க வேண்டும் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2018இல் வகுத்த வழிகாட்டுதல் விருப்பத்தின்பாற்பட்டதே. பழைய வலையைத் துறைமுகத்தில் விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு நல்லதே ஆயினும், நடுக்கடலில் அறுந்துபோன வலைக்கு அது எட்டாது. வலை போன இடத்தைச் சொன்னால் தண்டனை வருமோ என்று மீனவர் அஞ்ச வேண்டியிராமல், சொல்பவருக்கு இழப்பீடு கிடைக்கும் என்ற நிலை வந்தால்தான், அந்த வலை மீன்களையும் ஆமைகளையும் சேர்த்துக்கொள்ளும் முன்பே அதைத் தேடி எடுக்க முடியும்.