வாரம் ஒரு நாள் மாத்திரை: கணினிச் சீட்டு எங்கே காப்பாற்றுகிறது?

முடக்குவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள்தான் போட வேண்டும். சீட்டில் அது 'தினமும்' என்று மாறிவிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும். உயிரே போனவர்கள் உண்டு. வார்டில் இருப்பவருக்கு மாத்திரையை எடுத்துத் தரும் நர்ஸாவது சந்தேகப்பட்டுக் கேட்பார். வீட்டுக்குப் போய்விட்ட புறநோயாளிக்குச் சீட்டும் மருந்துக் கடைக்காரர் சொன்னதும்தான் துணை.

கையால் எழுதுவதை விட்டுக் கணினிக்கு மாறினால் பிழை குறையுமா? நன்றாகவே குறைகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கு கிளினிக்குகளில் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. கணினிக்கு மாறிய மருத்துவர்களிடம் 100 சீட்டுக்கு 42.5 என்றிருந்த பிழைகள் ஓராண்டில் 6.6 ஆக இறங்கின. கையால் எழுதியவர்களிடம் முன்னேற்றமே இல்லை. 2016 மார்ச்சிலிருந்து அந்த மாநிலத்தில், சில விலக்குகள் தவிர, மின்னணுச் சீட்டு சட்டப்படி கட்டாயம்.

ஆனால் கணினி வந்தாலே போதும் என்று இருந்துவிட முடியாது. அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் 3,850 கணினிச் சீட்டுகளை அலசிய இன்னொரு ஆய்வு, 11.7 சதவீதத்தில் பிழை கண்டது. பெரும்பாலும் அளவோ, எத்தனை வேளை என்பதோ, எத்தனை நாள் என்பதோ விடுபட்டிருந்தது. அந்தக் கட்டம் காலியாக இருந்தும் சீட்டை அனுப்பவிட்டது மென்பொருளின் குறை.

எச்சரிக்கைகளும் அப்படித்தான். பாஸ்டன் மருத்துவர்கள், திரையில் வந்த ஒவ்வாமை எச்சரிக்கைகளில் 91 சதவீதத்தைத் தாண்டிச் சென்றதாக 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. இதை அலட்சியம் என்பது அநியாயம். தாண்டியதற்குப் பெரும்பாலும் நியாயமான காரணம் இருந்தது. தேவையில்லாமல் நூறு முறை குறுக்கிட்டால், தேவையான ஒன்றும் கண்ணில் படாது.

மெதோட்ரெக்ஸேட்டுக்கு அமெரிக்க மருந்துப் பாதுகாப்பு அமைப்பான ஐ.எஸ்.எம்.பி. சொல்லும் வழி எனக்குச் சரியாகப் படுகிறது. மருந்தின் பெயரைத் தட்டியதுமே 'வாரம் ஒருமுறை' என்று தானாக வரவேண்டும். தினமும் என்று மாற்றினால், புற்றுநோய்க்குத்தான் என்று உறுதிசெய்யும்வரை சீட்டு நகரக் கூடாது.

இன்னும் அடைபடாத ஓட்டை ஒன்று உண்டு. மருத்துவர் தன் திரையில் ஒரு மருந்தை நிறுத்துவார்; கடையின் கணினியில் பழைய சீட்டு உயிரோடு இருக்கும், அடுத்த மாதமும் அதே மாத்திரை கைக்கு வரும். ரத்துச் செய்தி அனுப்பும் வசதி இப்போது இருக்கிறது. அதை கிளினிக், கடை இரண்டுமே இயக்கி வைத்திருக்க வேண்டும்.