மல்லாட்டை விளையும்வரை காத்திருந்த கடை

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மளிகைக் கடைகளில் கல்லாவுக்கு அருகே ஒரு நீள நோட்டு இருக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அதில் பற்று ஏறும். பாக்கி தீர்வது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்ற பிறகுதான். ஆடியில் விதைத்து ஐப்பசியில் பிடுங்குகிற மானாவாரிப் பயிர் அது. மழை தள்ளிப்போனால் கணக்கும் தள்ளிப்போகும்.

அந்தக் கடைகளைப் புகழ்ந்து மட்டும் எழுத எனக்கு மனமில்லை. பாக்கி இருக்கிறவரை வேறு கடைக்குப் போக முடியாது. எடை குறைந்தாலும் கேட்க வாய் வராது. பொட்டலத்தில் கட்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான்.

சென்னையில் 2010-ல் திறந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ போல ஒரு மால், திருவண்ணாமலை – செஞ்சி சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூருக்கு வரவில்லை. இங்கே பழைய கடையை முதலில் மாற்றியது பாக்கெட். சிறு உறைகளில் பொருள் விற்கும் வழியைக் காட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு, கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. 1990-க்குப் பிறகு, வரிகள் உட்பட அதிகபட்ச விலை பாக்கெட்டிலேயே அச்சாகி வந்தது. பாக்கெட் பொருளுக்குக் கடைக்காரர் சொன்னதுதான் விலை என்ற காலம் அதோடு போனது.

அடுத்து வந்தது சூப்பர் மார்க்கெட். கூடையை எடுத்துக்கொண்டு யாரும் உள்ளே போகலாம், எதையும் தொட்டுப் பார்க்கலாம், தேதி பார்த்து வாங்கலாம். வாசலுக்கு வெளியே நிறுத்தியே சாமான் கொடுத்த பழக்கத்தை அனுபவித்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டதும் பணம் வைக்கவேண்டும். கையில் காசில்லாத மாதத்துக்குக் குழுக் கடன்தான் கதி. அதன் தவணை வாரா வாரம் வந்து நிற்கும். மல்லாட்டை விளையும்வரை காத்திருக்காது. சாமானில் மிச்சம் பிடித்த பணம் வட்டிக்குப் போகிறது. இதையே நான் பெரிய நஷ்டமாக நினைக்கிறேன்.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போங்கள். மளிகைக் கடைக்காரரிடமும் எடையையும் விலையையும் தைரியமாகக் கேளுங்கள். கையில் பணம் புழங்குகிற மாதத்தில் பாதிச் சாமானையாவது அவரிடம் வாங்குங்கள். ரொக்க வியாபாரம் இல்லாத கடையால் யாருக்கும் கடன் கொடுக்க முடியாது.